முனியப்பனுக்குப் பதினோரு சுருட்டு

பீடி வித்தவன் நானுங்க. அத மறைச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல. நாமக்கல்லுல இருந்து திருச்செங்கோடு போற ரோட்டுல லாரிக்குப் பாடி கட்டற பட்டறைங்க வரிசையா இருக்குதுங்களே, அதுல கடைசிப் பட்டறைக்கு நேரெதுத்தாப்புல இருக்கற பெட்டிக்கடை என்றதுதான். குருமூர்த்தி கடைன்னு கேட்டா யாரும் கை காட்டுவாங்க. இருவத்தாறு வருசமா பீடி, சிகரெட்டு, வெத்தலபாக்கு, கடலமுட்டாய் விக்கறன். ஆனா நான் ஒரு நாளும் பீடி குடிச்சவனில்ல. பொகை பட்டாலே நெஞ்சு கமறும். அப்பறம் எதுக்கய்யா விக்கறன்னு நீங்க கேக்கலாம். என்ற பொண்டாட்டியும் அதையேதான் கேக்கறா. கேட்டுட்டுப் போங்க, நான் என்ன பண்றது.

பெயிண்டர் சென்னிமலை பட்டறை வேலைக்கு வந்ததும் நான் கடை போட்டதும் ஒரே வருசம். அன்னிக்கு அவனுக்குப் பத்தொம்பது வயசு. அவன் ஊடும் என்ற ஊடும் ஒரு செவுத்துக்கு அந்தப்பக்கம் இந்தப்பக்கம். அவன் பொண்டாட்டி பழனியம்மாள் கோழிப்பண்ணைல முட்டை பொறுக்கற வேலைக்குப் போறவ. ஒத்தப் புள்ள தீபிகா, சேலத்துல நர்சுக்குப் படிக்குது. அவ்வளவுதான் அந்தக் குடும்பம்.

சேஸிஸ் பட்டறைக்கு வரைல எலும்புக்கூடாட்ட வெறும் இரும்பா வரும். கேபின் கட்டி, பாடி ஏத்தி, எல்லாம் முடிஞ்சப்பறம் சென்னிமலை கைக்கு வரும். பட்டி வெச்சுத் தேய்ச்சு, பிரைமர் அடிச்சு, கலர் அடிச்சு, கடைசியா சாரத்துல ஏறி நின்னு நெத்தில பேரு எழுதி, ஓரமெல்லாம் பூ போட்டு முடிப்பான். அவன் போடற தாமரைக்குன்னே கரூர்ல இருந்து தேடி வர்ற லாரிக்காரங்க உண்டு. பட்டறைக்குள்ள தின்னர் டப்பா தொறந்து கெடக்குமுங்க, நெருப்பு ஆகாது. பீடி பத்த வெக்கோணும்னா ரோட்டத் தாண்டி என்ற கடைக்குத்தான் வரோணும். அதனால அவன் குடிச்ச பீடியில முக்காவாசி என்ற கண்ணு முன்னால குடிச்சதுதான்.

போன கார்த்திகைல ஒரு நாள் மத்தியானம், ரோட்டத் தாண்டி வந்தவன் கடைக்குப் பத்தடி இருக்கறப்பவே நின்னுட்டான். கெண்டக்கால அமுக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கறான்.

"ஏஞ்சென்னி, நரம்பு இழுத்துக்கிச்சா?"

"தெரீலீங்ண்ணா. நூறடி நடந்தாக் கொக்கி போட்டு இழுக்கறாப்பல இருக்குது. சித்த நின்னாச் சரியாப் போயிருது."

சரியாப் போவுதுன்னு அவனும் விட்டான், நானும் விட்டேன். மார்கழில பட்டி டப்பா ஒண்ணு எடது கால் மேல உழுந்து, கட்டவெரலுக்குப் பக்கத்து வெரல்ல காயம். சின்னக் காயந்தானுங்க. மத்தவனுக்கா இருந்தா நாலு நாள்ல ஆறியிருக்கும். இவனுக்கு ஒரு மாசமாகியும் ஆறல. வெரல் நுனி மொதல்ல நீலமாச்சு, அப்பறம் கறுத்துப் போச்சு. பெயிண்டுன்னு சொல்லி மறைச்சிருக்கறான். பழனியம்மாள் தின்னர் தொட்டுத் தொடச்சுப் பாத்திருக்கறா. போகல. அன்னிக்கே அவன ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போயிட்டா.

பெரியாஸ்பத்திரில டாக்டரம்மா கால் மேல வெரல வெச்சு வெச்சுப் பாத்துட்டு, நோவப் பத்தி ஒண்ணுமே கேக்கலியாம். "பீடி எத்தன குடிப்பீங்க"ன்னுதான் கேட்டாங்களாம். ரத்தம் போற கொழாய் சுருங்கிப் போச்சு, இது பீடி குடிச்சு வர்ற நோவு, மாத்திரை நான் குடுக்கறேன், ஆனா பீடிய நிறுத்தினாத்தான் கால் நிக்கும்னு சொன்னாங்களாம். கொறச்சுக்கறேனுங்கன்னு இவன் இழுத்திருக்கறான்.

"கொறைக்கறது இல்லீங்க. ஒண்ணு குடிச்சாலும் குடிச்சதுதான். நிறுத்தலைன்னா வெரல எடுக்கோணும், அப்பறம் பாதம், அப்பறம் முட்டிக்குக் கீழ. மூணு மாசம் பாக்கலாம்."

கால் போனா சாரம் ஏற முடியாது. சாரம் ஏறாத பெயிண்டர பட்டறைல என்ன பண்ணுவாங்க. அன்னிக்குச் சாயங்காலம் ரெண்டு பேரும் ஊட்டு வாசப்படில உக்காந்திருந்தாங்க. அடுப்பு பத்த வெக்கல. என்ற பொண்டாட்டி அரிசியும்பருப்புஞ்சோறு ஆக்கிக் குண்டாவோட கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தா. நான் போகல. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறதுங்க.

ஒரு வாரம் அவனா நிறுத்திப் பாத்தான். எங்க நிறுத்தறது. என்ற கடைக்கு வராம அடுத்த கடைக்குப் போயிக் குடிச்சிருக்கறான். தைப்பொங்கல் நோம்பி முடிஞ்சு தீபிகா ஹாஸ்டலுக்குப் போறதுக்கு முந்தி, போன்ல ஒரு ஆப்பு இருக்குது, பீடிய விடறவங்களுக்குன்னே பண்ணுனது, தமிழ்லயே இருக்குதுன்னு சொல்லுச்சு. சென்னிமலைகிட்ட இருக்கறது பட்டன் போன். அதனால அம்மா போன்ல ஏத்தி அப்பன் கைல குடுத்துது. அவன் அமுக்கறான், அமுக்கறான், போனு அசையவே மாட்டீங்குது. வெரல் நுனியெல்லாம் இருவத்தாறு வருசத்துப் பெயிண்டு தோலோட தோலாக் காஞ்சு கெடக்குது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சாலும் போகாத பெயிண்டு அது.

"ஏனம்மிணி, இது என்னை மனுசன்னே ஒத்துக்க மாட்டீங்குது போ"ன்னான்.

"அப்ப அம்மாகிட்டயே இருக்கட்டுமுங்ப்பா. உங்களுக்கு எப்ப ஆசை வருதோ அப்ப அம்மாளக் கூப்புடுங்க. அம்மா அமுக்கும்."

ஆப்பு மொதல்ல கேட்ட கேள்வி, நாளைக்கு எத்தனைன்னு. இவன் பதனஞ்சுன்னான். பழனியம்மாள் இருவத்தஞ்சுன்னு போடச் சொன்னா. அப்பனும் மகளும் ஆத்தாளும் மூணு பேரும் என்ற கடைக்கு வந்துட்டாங்க, பஞ்சாயத்துக்கு.

"மாமா, நீங்க சொல்லுங்க"ன்னுச்சு தீபிகா.

சென்னிமலை என்னையே பாக்கறான். கடக்காரன்கிட்டப் பொய் நிக்குமுங்களா.

"நாப்பது"ன்னேன்.

பழனியம்மாள் சேலைத் தலைப்ப வாயில வெச்சுக்கிட்டுத் திரும்பி நின்னுட்டா. இவன் தலையக் குனிஞ்சுக்கிட்டான். தீபிகா நாப்பதுன்னு போட்டுட்டு சேலம் பஸ் ஏறிருச்சு.

அந்த ஆப்புல பச்சையா ஒரு பட்டன் இருக்குதுங்க. "புகைக்கத் தோன்றுகிறதா? தொடுங்கள்"னு எழுதியிருக்கும். தொட்டா பத்து நிமிசம் கடியாரம் ஓடும். அந்தப் பத்து நிமிசத்துக்கு அது ஏதாச்சும் சொல்லிக்கிட்டே இருக்கும். பத்து நிமிசம் தாண்டிட்டா, கைதட்டற படம் ஒண்ணு வரும். அது பக்கத்துல எத்தனாவது நாளுன்னு போட்டிருக்கும்.

மொத நாள் காலைல ஒம்பது மணிக்கு சென்னிமலை ரோட்டத் தாண்டி வந்தான். பீடி கேக்கல. பட்டன் போன எடுத்து அமுக்கி, ஸ்பீக்கரப் போட்டு, என்ற கடலமுட்டாய் பாட்டில் மேல வெச்சான். கையெல்லாம் பட்டி, காதுல வெச்சா காதும் வெள்ளையாயிருமுங்க.

போன்ல மொதல்ல கோழிதான் பேசுச்சு. ஆயிரக்கணக்குல கோழி. அதுக்கு நடுவால பழனியம்மாள் கத்தறா.

"சொல்லுங்க."

"கேக்குது புள்ள."

"என்ன கேக்குது? எனக்கு ஒண்ணுங் கேக்கலியே."

"பீடி கேக்குது புள்ள. அமுக்கு."

"இருங்க இருங்க, அட்டைய எறக்கி வெச்சுட்டு வாரேன். முட்டை கைல இருக்குது." சித்த நேரம் கோழிச் சத்தந்தான். அப்பறம் எழுத்துக் கூட்டிப் படிக்கறா. "ஆசை என்பது... ஒரு அலை. அது... எழும்பி, தானாகவே அடங்கிவிடும். அலையாமாங்க."

"நம்மூர்ல ஏது புள்ள அலை?"

"எனக்கென்ன தெரியும், போட்டிருக்குது. ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள்ங்குது. குடிங்க."

நான் சொம்பு நெறைய மோந்து குடுத்தேன். குடிச்சான்.

"குடிச்சாச்சு."

"மூச்ச நல்லா இழுத்து விடச் சொல்லுது."

இழுத்தான். பட்டித்தூசி மூக்குல ஏறித் தும்மல் வந்துருச்சு.

"இன்னும் எத்தன நிமிசம்?"

"ஏழு இருக்குது."

"ஏழு நிமிசம் என்ன பண்றது?"

"பிடித்தமான ஒருவருடன் பேசுங்கள்னு போட்டிருக்குது." அதப் படிச்சுட்டு அவ கம்முனு ஆயிட்டா. இவனும் கம்முனு நிக்கறான். கல்யாணமாகி இருவத்திரண்டு வருசம், ரெண்டு பேரும் சேந்தாப்புல ஏழு நிமிசம் எப்பப் பேசியிருப்பாங்களோ தெரியல. காலைல ஆறு மணிக்கு அவ பண்ணைக்குப் போயிருவா, இவன் எட்டுக்குப் பட்டறைக்கு. ராத்திரி சோறு, டிவி, தூக்கம். கடைசீல இவன்தான் வாயத் தொறந்தான்.

"சோறுண்டியா?"

"ஒம்பது மணிக்கு என்னத்தச் சோறு. பழையது குடிச்சேன்."

"தொட்டுக்க?"

"ஒடசல் முட்டை ரெண்டு குடுத்தாங்க. பொரிச்சுக்கிட்டோம்."

"எனக்கில்லியா?"

"உங்களுக்கு ஊட்டுல வெச்சிருக்கறேனுங்க."

நான் சிரிப்ப அடக்கிக்கிட்டு வெத்தலையத் தொடச்சுக்கிட்டிருந்தேன். பத்து நிமிசம் ஆச்சு. கைதட்டுதுங்கன்னு சொன்னா. இவன் ஒரு கடலமுட்டாய் எடுத்து வாயில போட்டுக்கிட்டுப் பட்டறைக்குப் போனான். முக்கா மணி நேரத்துல திரும்பி வந்துட்டான்.

மொத வாரம் ஒரு நாளைக்குப் பதனஞ்சு தடவை கூப்புட்டான். பண்ணை சூப்பர்வைசர் திட்டியிருக்கறாரு. அவரும் என்னன்னு கேட்டுட்டு, "சரிம்மா, நீ பேசு, அட்டைய அந்தப் புள்ள எடுக்கட்டும்"னு விட்டுட்டாராம். இவனுக்குத் தலைவலி, சள்ளுபுள்ளுனு கோவம். ஒரு நாள் எட்டு இதழ் தாமரைக்கு ஆறு இதழ் போட்டுட்டு, ஏன் இப்படிப் போட்டேன்னு பிரஷ்ஷத் தூக்கி வீசிட்டான். பழனியம்மாள்கிட்டயும் எரிஞ்சு உழுவான். அவ, "வையுங்க வையுங்க, இன்னும் நாலு நிமிசம் வையலாம்"பா.

பத்தொம்பதாம் நாள்தான் கெட்டுது. புது லாரி ஒண்ணு டெலிவரிங்க. எங்கூர்ல அது கோயில் விசேசத்தாட்டத்தான். சந்தனம் வெச்சு, மாலை போட்டு, பூசணிக்கா ஒடச்சு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்தி வெளிய கொண்டாருவாங்க. அப்ப ஓனரு, பாடி கட்டுனவனுக்கும் பெயிண்டருக்கும் வேட்டி துண்டு குடுத்து, கூடவே கைப்பட ஒரு சிகரெட்டும் பத்த வெச்சுக் குடுப்பாரு. அது ஒரு மரியாதை. வேண்டாங்கறது வண்டிக்கே ஆகாதுன்னு ஒரு பேச்சு. அன்னிக்கு ஓனரு என்ற கடைலதான் சிகரெட் வாங்குனாரு. சென்னிமலை வாயில அவரே வெச்சாரு. தீப்பெட்டி குடுத்தது நானு. குடுக்கறப்பவே எனக்குக் கை கூசுச்சு, ஆனாலும் குடுத்தேன்.

ரெண்டு இழுப்பு இழுத்தான். மூணாவதுக்கு சிகரெட்டக் கீழ போட்டு மிதிச்சுட்டு, எல்லாரும் லாரியச் சுத்திப் பாத்துக்கிட்டிருக்கறப்ப என்ற கடைக்குள்ளார வந்து போனப் போட்டான்.

"புள்ள."

"அமுக்கறேன், இருங்க."

"அமுக்காத. இழுத்துட்டேன்."

கோழிச் சத்தந்தான் கேட்டுது. நான் கையப் பெசஞ்சுக்கிட்டு நிக்கறேன். அவ இப்ப வையப் போறான்னு நெனச்சேன், அழுவப் போறான்னு நெனச்சேன்.

"எத்தன?"

"ரெண்டு இழுப்பு."

"சரீங்க. நீங்களாச் சொன்னீங்களே, அது போதும். நாள் கணக்க அழிச்சுட்டு ஒண்ணுன்னு போட்டுக்கறேன்."

அவ்வளவுதான் சொன்னா. இவனுக்குக் கண்ணு தளும்பிருச்சு. வேட்டி துண்டக்கூட வாங்காமப் பட்டறைக்குள்ள போயிட்டான். நானுங்க அன்னைல இருந்து, அவன் கூட நிக்கறப்ப யாரு கேட்டாலும் தீப்பெட்டி இல்லைன்னுருவேன். என்னை நல்லவன்னு நெனச்சுக்காதீங்க, பீடி விக்கறத நிறுத்தல. அவனுக்கு முன்னால மட்டும் விக்கறதில்ல.

அதுக்கு நாலாம் நாள் காயத்துக்குக் கட்டு மாத்தறப்ப, கருப்பு ஒரு நெல்லளவு மேல ஏறியிருக்கறாப்பல பழனியம்மாள் கண்ணுக்குப் பட்டுருச்சு. அந்த ரெண்டு இழுப்பாலதான்னு முடிவு பண்ணிட்டா. அவன்கிட்ட ஒண்ணுஞ் சொல்லல. பண்ணைல இருந்து வர்ற வழில ஏரிக்கரை முனியப்பன் கோயில்ல நின்னு வேண்டிக்கிட்டு வந்திருக்கறா. என்ன வேண்டுனான்னு அப்ப யாருக்கும் தெரியாது. அவளும் பதட்டத்துல வேண்டுனவ, அப்பறம் அதப் பத்தி நெனைக்கவே இல்லியாம்.

மாசி போச்சு, பங்குனி போச்சு. வெயில் நெம்பக் கடுமைங்க இந்த வருசம். தகரக் கொட்டாய்க்குள்ள ஸ்பிரே அடிச்சுட்டு வெளிய வந்தான்னா சட்டையப் புழிஞ்சாத் தண்ணி வடியும். கூப்புடறது பதனஞ்சு எட்டாச்சு, எட்டு நாலாச்சு. ஆனா பேச்சு மட்டும் கொறையல. கோழிக்குச் சூட்டுல தீனி எறங்கல, முட்டை சிறுத்துப் போச்சுன்னு அவ சொல்லுவா. கரூர்க்காரன் பச்சையில மயிலு கேக்கறான், மயிலுக்குப் பச்சை ஒட்டாது புள்ளன்னு இவன் சொல்லுவான். ஒரு நாள் கூப்புட்டுட்டு அஞ்சு நிமிசம் பேசுனப்பறம் அவளாக் கேக்கறா.

"அமுக்கோணுங்களா வேண்டாமா, அதச் சொல்லவே இல்லியே."

"வேண்டாம் புள்ள. இன்னிக்குச் சும்மாதான் கூப்புட்டேன்."

"சும்மாவா?"

"ஏன், கூப்புடக் கூடாதா?"

"கூப்புடுங்க, யாரு வேண்டான்னா"ன்னு அவ சொல்றப்ப கொரல்ல ஒரு சந்தோசங்க. எனக்கே பொறாமையா இருந்துது. ஊட்டுக்குப் போயி என்ற பொண்டாட்டிகிட்ட சோறுண்டியான்னு கேட்டேன். ஒடம்புக்கு என்னன்னு கேக்கறா.

சித்திரை கடைசீல, புது எண்ணிக்கைக்குத் தொண்ணூத்தி ரெண்டாம் நாள், ரெண்டு பேரும் பெரியாஸ்பத்திரிக்குப் போனாங்க. நான் அன்னிக்குக் கடைல உக்காந்திருந்தனே ஒழிய, எவன் என்ன கேட்டான், என்ன குடுத்தேன்னு எனக்கே தெரியாது. பன்னெண்டு மணிக்கு மொபெட்ல வந்து எறங்குனாங்க. பழனியம்மாள் எறங்கறப்பவே அழுதுக்கிட்டு எறங்கறா.

"என்னாச்சும்மா?"

"நாடி ஓடுதாமுங்ண்ணா. பாதத்துல வெரல வெச்சாங்க டாக்டரம்மா. வெச்சுட்டு என்ற வெரலையும் புடிச்சு அங்க வெச்சாங்க. துடிக்குதுங்ண்ணா. காயமும் மூடிப் போச்சு. நுனி மட்டும் சப்பையா இருக்குது, அது அப்படியே இருக்கட்டும், எடுக்க வேண்டியதில்லைன்னுட்டாங்க."

சென்னிமலை கால நீட்டிக் காட்டறான். மஞ்சப் பூசுனாப்பல புதுத்தோலு. நான் பாட்டிலத் தொறந்து கடலமுட்டாய் ரெண்டு பேர்த்துக்கும் அள்ளிக் குடுத்தேன். அப்பாடான்னு பெஞ்சுல உக்காந்த நானு கால் மணி நேரம் எந்திரிக்கவே இல்ல. இனிமேலும் ஒரு இழுப்புக்கூடக் கூடாது, இழுத்தாத் திரும்ப வரும்னு மட்டும் டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருக்கறாங்க.

அதுக்கு மக்யா நாள் காலைல பழனியம்மாள் தனியா வந்தா. மொகம் செத்துக் கெடக்குது.

"அண்ணா, சுருட்டு இருக்குங்களா? பதினொண்ணு வேணும்."

"யாருக்கும்மா சுருட்டு?"

"முனியப்பனுக்கு."

சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்குப் புரிஞ்சு போச்சு. எங்க பக்கத்து முனியப்பனுக்கு வேண்டுதல்னாலே சுருட்டுதானுங்க. யாருக்காக வேண்டுனமோ அவுங்களே வந்து, வாயில வெச்சு, நுனி நல்லாக் கனியற வரைக்கும் இழுத்துட்டுத்தான் சாமி கைல சொருகோணும். சும்மா தீக்குச்சியக் காட்டி வெக்கறதெல்லாம் சாமி ஏத்துக்காதுன்னு பேச்சு. கண்ணு வலின்னாலும் அதான், காணாமப் போன ஆட்டுக்கும் அதான். பொறந்ததுல இருந்து கேட்டுக் கேட்டு வாயில ஊறிப் போனது. இவளும் பதட்டத்துல அதையே வேண்டியிருக்கறா. என்ற புருசன் பீடிய விட்டுக் கால் பொழைச்சா, அவிய கையால பதினோரு சுருட்டு பத்த வெச்சுக் குடுக்கறேன் சாமின்னு.

"ஏம்மா, உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா? தேங்கா வேண்டியிருக்கலாம், கெடா வேண்டியிருக்கலாம். பீடிய விட்டதுக்கு சுருட்டா வேண்டுவ?"

"வைங்கண்ணா. நேத்து ராத்திரி முச்சூடும் என்னை நானே வஞ்சுட்டேன். குடுக்கலைன்னா சாமி கோவிக்கும். குடுத்தா கால் போயிரும். நான் எங்கண்ணா போவேன்?"

அவனுக்குத் தெரியுமான்னு கேட்டேன். சொல்லிட்டாளாம். அவன் என்ன சொன்னான்னு கேட்டேன்.

"அவிய மொகத்துல ஒரு தெளிச்சி வந்துது பாருங்க, அத நெனச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது. சாமி காரியம் புள்ள, நாம என்ன பண்ண முடியும்னாங்க."

எனக்குச் சுரீர்னு கோவம் வந்துது. மூணு மாசம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தவனுக்கு சாமி பேர்ல ஒரு வாசல் தொறந்தா யாருக்குத்தான் தெளிச்சி வராது. பதினோரு சுருட்டுங்க. ஒண்ணொண்ணும் நாலு பீடிக்குச் சமானம்.

குடுக்கமாட்டேன்னு சொல்லிப் பாத்தேன். அடுத்த கடைல வாங்கிக்குவேன்னா. சரி, நானும் கூட வாரேன்னு சொல்லி, நாயித்துக்கெழம கடையச் சாத்திட்டுக் கெளம்பினேன்.

காலைல எட்டு மணி இருக்கும். முந்துன நாள் சித்திரை மழை ரெண்டு தூத்தல் போட்டிருந்துது, ஏரிக்கரை மண்ணு வாசம். முனியப்பன் அங்க ஆளு ஒசரத்துக்கு ரெண்டு மடங்கு இருப்பாரு, அருவாளும் கையுமா, உருட்டு முழியோட. வருசா வருசம் அவருக்குப் பெயிண்டு அடிக்கறதே சென்னிமலைதான். பூசாரி அங்கமுத்து, எழுவது வயசு, பொங்கல் வெக்கறவங்களுக்கு அடுப்புக் கல்லு எடுத்துக் குடுத்துக்கிட்டிருந்தாரு. விசயத்தச் சொன்னோம்.

"வேண்டுனது வேண்டுனதுதான். பத்த வெச்சுக் குடுத்துருங்க. சாமி காரியத்துல ஒடம்புக்கு ஒண்ணும் ஆகாது"ன்னுட்டாரு.

பழனியம்மாள் கட்டப் பிரிச்சு ஒரு சுருட்ட எடுத்துக் குடுத்தா. சென்னிமலை வாங்கி வாயில வெச்சுக்கிட்டான். பூசாரி கற்பூரத் தட்ட நீட்டினாரு. இவன் குனியறான். சுருட்டு நுனிக்கும் நெருப்புக்கும் நாலு வெரக்கட தூரம். நான் கண்ண மூடிக்கிட்டேன்.

ஒண்ணும் நடக்கலியேன்னு கண்ணத் தொறந்து பாத்தா, அப்படியே குனிஞ்சவாக்குல நிக்கறான். மூக்கு மட்டும் வெடைக்குது. சுருட்ட வாயில இருந்து எடுத்தான்.

"புள்ள, போன எடு. அமுக்கு."

"இங்கயா?"

"அமுக்குன்னா அமுக்கு."

அவ இடுப்புல இருந்து போன எடுத்து அமுக்கினா. கடியாரம் ஓடுது. பூசாரிக்கு ஒண்ணும் புரியல. கற்பூரம் எரிஞ்சு அணைஞ்சு போச்சு. பத்து நிமிசம், முனியப்பனுக்கு முன்னால மூணு பேரும் நிக்கறோம். இவன் மூச்ச இழுத்து இழுத்து விடறான். அவ ஒண்ணும் படிச்சுக் காட்டல. ஏரிக்குள்ள ரெண்டு கொக்கு நடந்துக்கிட்டிருந்துது, அதையே பாத்துக்கிட்டிருந்தா. பத்து நிமிசம் முடிஞ்சு போனு சத்தம் குடுத்தப்ப அவன் முதுகெல்லாம் நனஞ்சிருந்துது.

"சாமி," முனியப்பன நிமிந்து பாத்துச் சொன்னான். "உனக்குக் குடுக்க ஆசைதான். அத விட எனக்குக் குடிக்க ஆசையா இருக்குது. அதனாலதான் பயமா இருக்குது. என்னால ஆகாது. நீ கோவிச்சுக்கிட்டாலும் சரி."

பூசாரிக்கு மொகம் கறுத்துருச்சு. "மொறைன்னு ஒண்ணு இருக்குதப்பா"ன்னாரு.

"மொறை எனக்குந் தெரியுமுங்க." பழனியம்மாள் அவன் கைல இருந்த சுருட்ட வாங்கினா. "கால் குடுத்த சாமி திரும்பக் காலையே கேக்குமுங்களா? வேண்டுனது நானு. என்ற வாயாலதான வேண்டுனேன். தட்டக் கொண்டாங்க."

புதுக் கற்பூரம் பத்துச்சு. வாழ்நாள்ல பீடியக் கையால தொட்டவளில்ல அவ. சுருட்டக் கடவாயில வெச்சுக் குனிஞ்சு இழுத்தா. மொத இழுப்புலயே இருமல் பொங்கிக்கிட்டு வந்துது. விடல. கண்ணுல தண்ணி கொட்டக் கொட்ட மறுபடி இழுத்தா. நுனி செவந்துது. வாயிலயும் மூக்குலயும் பொகை வந்துது. நெஞ்சப் புடிச்சுக்கிட்டு, எக்கி, முனியப்பன் கை வெரலுக்கு நடுவால சொருகிட்டா. சொருகிட்டு அப்படியே உக்காந்து இருமறா. அந்த இருமல் நிக்கவே மாட்டீங்குது. மொகமெல்லாம் நீலம் பாஞ்சு போச்சு. கைய நீட்டி ரெண்டாவது சுருட்டக் கேக்கறா.

சென்னிமலை கட்டத் தூக்கிக்கிட்டான்.

"வேண்டாம் புள்ள."

"பத்து இருக்குதுங்க."

"வேண்டாங்கறேன். ஒண்ணு போதும். இந்தக் கருமத்த நீ வாயில வெக்காத. உள்ள என்ன பண்ணும்னு உனக்குத் தெரியாது. என்னால பாக்க முடியல புள்ள."

அவ இருமலுக்கு நடுவால அவன நிமிந்து பாத்தா. மூக்குல இன்னும் பொகை வந்துக்கிட்டிருந்துது.

"ஒரு சுருட்டுக்கே பாக்க முடியலீங்களா? நான் இருவத்திரண்டு வருசம் பாத்தனுங்க. தெனமும் நாப்பது."

அவன் அவளுக்கு எதுத்தாப்புல மண்ணுல உக்காந்துட்டான். ரெண்டு கையாலயும் மொகத்தப் பொத்திக்கிட்டு அழுதான். கால் கறுத்தப்ப அழுவாதவன், டாக்டரம்மா வெட்டோணும்னு சொன்னப்ப அழுவாதவன், அன்னிக்கு ஏங்கி ஏங்கி அழுதான். அவ முதுகத் தட்டிக் குடுத்துக்கிட்டே இருமிக்கிட்டிருந்தா. பூசாரி ஓடிப் போயிச் சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தாரு.

அப்பறம் எந்திரிச்சு, மீதிப் பத்துச் சுருட்டையும் முனியப்பன் காலடில வரிசையா வெச்சான். இத நீயே பத்த வெச்சுக்க சாமின்னான். பூசாரி அந்தப் பத்தையும் ஒரு பார்வை பாத்தாரு. சென்னிமலை அதையுங் கவனிச்சுட்டான்.

"அங்கமுத்தண்ணா, நீங்களும் குடிக்காதீங்க. உங்களுக்கும் இருமுது."

அவரு தலையச் சொறிஞ்சுக்கிட்டு அந்தப்பக்கம் திரும்பிக்கிட்டாரு. பழனியம்மாள் வாயக் கொப்புளிச்சுத் துப்பிட்டு சேலைத் தலைப்பால மொகத்தத் தொடச்சா. இவன் கைய நீட்டினான். அதப் புடிச்சு எந்திரிச்சா. கை கோத்துக்கிட்டு ரெண்டு பேரும் ஏரிக்கரைய விட்டு எறங்கினாங்க, நான் செருப்பத் தேடிப் போட்டுக்கிட்டுப் பின்னால போனேன்.